வழுக்கை விழுந்த பெட்டி

அத்தியாயம் 6

வெள்ளிமலையில் மார்ட்டின் வீட்டுக் கூடத்தின் நடுவே அந்தப் பெட்டி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நீலப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி. மூலைகளில் நீலம் தேய்ந்து அடியில் இருந்த சிவப்பு எட்டிப் பார்த்தது. பூட்டு தொங்கும் இடத்தில் சிவப்பும் போய் மரமே தெரிந்தது. யாரைக் கேட்டாலும் நாற்பது வயது சொல்வார்கள்.

"நல்லா பாருங்க மேடம். தொட்டுங்கூடப் பாருங்க. ஒளிச்சு வைக்க எங்கிட்ட இன்னா இருக்கு?" என்றார் மார்ட்டின்.

ஒளிக்க ஒன்றும் இல்லை என்று தானாகச் சொல்கிறவர்களைப் பார்த்தாலே அமிர்தத்துக்கு மூக்கு வியர்த்துவிடும். பதினெட்டு வருஷம் மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்த பழக்கம். வேலையை விட்டுவிட்டு இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். உதவிக்கு அறிவுச்செல்வன். பைக் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், கேட்காமலே கருத்துச் சொல்வான்.

விவகாரம் இதுதான். ஆசீர்வாதம் என்கிற பெரியவர் பத்து மாதத்துக்கு முன் தியாகதுருகத்தில் காலமானார். மலை மேல் இருந்த நிலத்தை உயிரோடு இருக்கும்போதே மகன் மார்ட்டினுக்குக் கொடுத்தாயிற்று. தியாகதுருகம் வீடு மகள் தெரசாவுக்கு என்று வாய்ப்பேச்சு. அதை எழுத்தில் போட உட்காரும் நேரத்தில் மார்ட்டின் இந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அப்பாவின் கைரேகையோடு ஒரு தாள். வீடும் மகனுக்கே என்று எழுதி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. நாளைக் காலை மாதா கோயில் பெரியவர்கள் முன்னால் பேச்சு. அதற்குள் பெட்டி பொய் என்று காட்டாவிட்டால், தெரசாவும் அவர் மகள் டயானாவும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அப்பா ஜோடியா ரெண்டு பெட்டி செஞ்சாரு. ஒரே ஆசாரி, ஒரே மரம், ஒரே பெயின்ட்டு. ஒண்ணு இன்னும் அவரு ரூம்லயே இருக்குது. கொஞ்ச வருஷம் பொழங்கிட்டு இத எங்கிட்ட குடுத்தாரு, நான் மலைக்கு வர சொல்ல. அப்பலேர்ந்து பரண் மேலயேதான். அவரு சாவற வரைக்கும் தொறக்காதடான்னாரு. தொறக்கல."

"இருபத்தெட்டு வருஷமா? எங்க வூட்டுல பிஸ்கட் டப்பா ஒரு ராத்திரி தாங்காது சார்" என்றான் அறிவு.

அமிர்தம் பெட்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் பெயின்ட் அப்படியே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. போலி செய்கிறவன் அவசரத்தில் நாலு பக்கமும் தேய்த்து வைப்பான். சுவரோடு ஒட்டி நிற்கிற முதுகுப் பக்கத்தில் யார் கை படும் என்று யோசிக்க மாட்டான். இங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். அல்லது பெட்டி அசலாகவே பழையது.

மூடியைத் தூக்கினாள். மூடியின் உள்பக்கத்தில், முன் விளிம்பை ஒட்டி, நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு நீலமே இல்லை. வழவழவென்று சிவப்பு. மோந்து பார்த்தாள். லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசனை.

அறிவு எட்டிப் பார்த்தான். "அக்கா, பெட்டிக்கே வழுக்கை விழுந்திருக்கு. எண்ணெய் எல்லாம் தடவிப் பாத்திருக்காங்க, பாவம்."

மார்ட்டின் சிரிக்கவில்லை. உண்மையாகவே அந்த இடத்தை இப்போதுதான் முதல்முறை பார்ப்பது போல குனிந்து பார்த்தார். அமிர்தம் அதையும் மனசில் போட்டுக்கொண்டாள். உள் மூலை ஒன்றில் நகத்தால் அழுத்திச் சுரண்டி, விரலை மடக்கிக்கொண்டாள்.

அதற்குள் அறிவு, மேஜை மேல் சுருட்டி வைத்திருந்த கட்டட வரைபடத்தைப் பிரித்து ஒரு போட்டோவும் எடுத்துவிட்டான். "இன்னா சார், நாலு ஷட்டர் போட்ட கடை? மலை மேல ஜவுளிக்கடையா? மேகத்துக்கு மொத்தமா புடவை எடுக்க ஆள் வருமே."

மார்ட்டின் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சுருட்டினார். "அது வேற ஒருத்தருது தம்பி."

மலை இறங்கிக் கச்சிராயபாளையத்தில் டீ குடித்தார்கள்.

"போச்சு" என்றான் அறிவு. "பெட்டி அசலு. பழசு மாதிரி செய்யுறவன் நாலு பேர் பாக்குற எடத்துல செய்வான். மூடிக்கு அடியில எவன் போய் தேய்ப்பான்?"

"நானும் அங்கதான் முழிக்கிறேன். ஆனா இதப் பாரு." அமிர்தம் விரலை நீட்டினாள். நகத்துக்குள் வெள்ளையாகப் பொடி.

"கோலம் போட்டீங்களா?"

"நீலப் பெயின்ட்டச் சுரண்டினா வெள்ளைப் பொடி ஏன் வரணும்? புதுசைப் பழசாக்குற வேலை நம்ம பக்கத்துல யாருக்குடா தெரியும்?"

"கள்ளக்குறிச்சில ஒரே ஆளு. துருகம் ரோட்டுல நான்சின்னு ஒரு பொண்ணு ஞாயித்துக்கிழமை கிளாஸ் எடுக்குது. என் பெரியம்மா பொண்ணு அங்க போய் ஒரு போட்டோ பிரேம் செஞ்சுக்கினு வந்துச்சு. அதோட வூட்டுக்காரரு பழசுன்னு குப்பைல போட்டுட்டாரு."

நான்சி கையெல்லாம் பெயின்ட்டோடு வந்தாள். பெட்டியின் படத்தைக் காட்டியதும் முகத்தில் ஒரு வாத்தியார் பெருமை.

"நல்லா வந்திருக்கே! யாரு பண்ணது?"

"அதத்தான் தேடுறோம். எப்படிப் பண்ணுறது, சொல்லும்மா."

ஒரு பலகையை எடுத்துவைத்துச் செய்தே காட்டினாள். "முதல்ல சிவப்பு அடிக்கணும். காஞ்சதும், கை படுற எடத்துல மட்டும் மெழுகுவத்தியத் தேய்க்கணும். அப்பால மேல நீலம். காய வுட்டு, உப்புத்தாளால லேசா இழுத்தா, மெழுகு இருக்கிற எடத்துல நீலம் ஒட்டாம வந்துடும். டீத்தண்ணியில துணிய நனைச்சுத் துடைச்சா அழுக்குப் புடிச்ச மாதிரி ஆவும். சாவிக்கொத்தால நாலு போடு போட்டா அடிபட்ட தழும்பு. அவ்ளோதான். ஒரே நாள்ல நாப்பது வருஷம்."

"எங்கக்காகிட்ட வேலைக்குச் சேந்து எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றான் அறிவு.

அமிர்தம் நகத்தைக் காட்டினாள். நான்சி அந்தப் பொடியைத் தொட்டு இரண்டு விரலால் நசுக்கினாள்.

"இது சாக்குப் பொடி, சாக்பீஸ் பொடி. பெயின்ட்டுல நான் கலந்து குடுக்குறது. கலந்தாதான் பளபளப்பு இல்லாம அந்தப் பழைய மங்கல் வரும். அந்தக் காலத்து பெயின்ட்டுல யாருங்க சாக்குப் பொடியக் கலந்தாங்க?"

பெட்டி பொய். கையில் சாட்சி கிடைத்துவிட்டது. அறிவு எழுந்தே நின்றுவிட்டான். அமிர்தம் எழவில்லை.

"மூடிக்கு உள்பக்கம் தேய்க்கவும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"உள்பக்கமா? சேச்சே, அங்க நாங்க தொடவே மாட்டோம்" என்று ஆரம்பித்த நான்சி நிறுத்தினாள். "இருங்க இருங்க. போன மாசம் கிளாஸ்ல ஒரு அக்கா கேட்டாங்க. தலைக்கு எண்ணெய் தேய்க்கிற ஆளு, ஒரே எடத்துல வருஷக்கணக்கா தலைய வச்சு முட்டுனா அங்க பெயின்ட்டு எப்படிப் போவும்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மெழுகு வேணாங்க்கா, தேங்கா எண்ணெயவே தடவிட்டு மேல அடிங்க, ஒட்டாதுன்னு சொன்னேன்."

"யாரு அது? பேரு?"

"பேரெல்லாம் கேக்கறதில்லீங்க." கைபேசியில் குழுப் படத்தைக் காட்டினாள். உப்புத்தாள் தூசிக்குப் பயந்து முப்பது பேரும் முகக்கவசம் மாட்டியிருந்தார்கள்.

"நல்லது. முப்பது கொள்ளைக்காரங்க" என்றான் அறிவு.

அமிர்தம் படத்தை வெகுநேரம் பார்த்தாள். முகம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தலை என்ற சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டி மூடியில் தலையை முட்டுகிற மனுஷன் யார்? அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார்?

"வண்டிய எடு. தியாகதுருகம்."

"அதான் பொடி கெடைச்சிடுச்சே அக்கா. மார்ட்டின் மாட்டினாரு."

"மார்ட்டினுக்கு அந்த வழுக்கை இருக்கிறதே தெரியாதுடா. நீ சொல்லித்தான் குனிஞ்சு பாத்தாரு."

வழியெல்லாம் அறிவு பேசிக்கொண்டே வந்தான். தன் கணக்கு தப்பாகப் போனால் தேவலை என்று அமிர்தம் நினைத்த வழக்கு இது ஒன்றுதான்.

தியாகதுருகத்தில் தெரசா வாசலிலேயே காத்திருந்தார். ஹாஸ்டல் வார்டனாக முப்பது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தவர். கையில் ஈரம் பட்டவர் போல இடைவிடாமல் முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முன்ரூமில் டயானா தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திநாலு வயது. போன வாரம் அம்மாவை அமிர்தத்தின் அலுவலகத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிவந்ததும், முதல்நாள் இவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டதும் அவள்தான். ரசத்தை அறிவு மூன்று தடவை வாங்கிக் குடித்தான்.

"ஏதாச்சும் கெடைச்சுதுங்களா மேடம்?"

"சொல்றேன். உங்கப்பா பெட்டி, இன்னொண்ணு, அதக் கொஞ்சம் பாக்கணும்."

கூடத்துக்கு இழுத்துவந்தார்கள். அதே நீலம், அதே சிவப்பு. ஆனால் இது உண்மையாகவே கிழடு. அமிர்தம் மூடியைத் தூக்கினாள். உள்பக்கம், முன் விளிம்பு, கொஞ்சம் இடது பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அறிவு வாயைத் திறந்தான். அமிர்தம் அவன் காலை மிதித்தாள்.

"உங்கப்பா இதுலேர்ந்து சாமான் எப்படி எடுப்பாருங்க? செஞ்சு காட்டுங்க."

தெரசாவுக்கு விளங்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மூடியைத் தூக்கி, "இப்படித்தான். எல்லாரும் எடுக்குற மாதிரிதான்" என்றார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு வாதம் வந்து வலது கை போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா இல்ல?" தெரசா தடுமாறினார். "அப்ப... ஒரு கையால தூக்குவாரு. யாராச்சும் மூடியப் புடிச்சுக்குவோம்."

மெஷின் சத்தம் நின்றது.

"யாரும் புடிச்சுக்கல. புடிக்க வந்தா கத்துவாரு" என்றபடி டயானா எழுந்து வந்தாள். அம்மா செய்த தப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. "தள்ளும்மா. உனக்கு இன்னா தெரியும்? இப்படி மண்டி போடுவாரு. இடது கையால தூக்குவாரு. தூக்குன கைதான் எடுக்கவும் வேணும். அதனால மூடிய இப்படித் தலைல தாங்கிப்பாரு."

மண்டியிட்டு, உச்சந்தலையில் மூடியைத் தாங்கிக்கொண்டு, இடது கையைப் பெட்டிக்குள் விட்டுத் துழாவிக் காட்டினாள். அவள் தலை அந்த வழுக்கையில் கச்சிதமாகப் பொருந்தியது.

அமிர்தம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மெழுகுக்குப் பதிலா தேங்காய் எண்ணெய்னு நான்சிதானே சொல்லிக் குடுத்துச்சு, டயானா?"

டயானாவின் கை பெட்டிக்குள் அப்படியே நின்றது. மூடி இன்னும் தலையில் இருந்தது.

"இன்னா சொல்றீங்க? யாரு நான்சி?" தெரசா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கண்ணன் வூட்டுப் பெட்டியிலயும் இதே எடத்துல தேய்மானம் இருக்குதுங்க. இந்தப் பெட்டியப் பாத்து ஒண்ணு விடாம எடுத்தது. ஆனா அது மலைக்குப் போயி இருபத்தெட்டு வருஷம்னு சொல்றாரு. வாதம் வந்தே பன்னெண்டு வருஷம்தான். அங்க எப்படி உங்கப்பா தலை பட்டிருக்கும்? செஞ்சவங்களுக்கு அந்தத் தேய்மானம் இல்லாம பெட்டிய நெனைச்சுப் பாக்கவே முடியல. அதுதான் தப்பாப் போச்சு. அது தலை தேய்ச்ச எடம்னு தெரிஞ்சது இந்த வூட்டுல ஒருத்தருக்குத்தான். உங்களுக்கே தெரியல."

"நீயாடீ?" தெரசாவின் குரல் உடைந்தது. "ஊரு உலகத்துல எவன் செஞ்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். பெத்த வயித்துல அடிச்சுட்டியே. என்னத் தெருவுல நிறுத்தப் பாத்தியே. கூடவே ஆபீசுக்கு வந்து குந்திக்கினு வேற இருந்தியே!"

டயானா மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினாள். அழவில்லை. கைபேசியை எடுத்துத் தேடி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"பத்திரம் எழுதுறவரு அனுப்பினது. மாமா விட்டுக்குடுத்ததும் வூட்ட அப்படியே உன் புள்ள ஜெரின் பேருக்கு எழுதணும்னு நீ சொல்லிட்டு வந்தியே, அந்த நகலு. உனக்கு வாட்ஸ்அப் தெரியாது. கரென்ட் பில்லுலேர்ந்து ரேஷன் கார்டு வரைக்கும் என் நம்பரத்தானே குடுப்ப? இதுக்கும் அதையே குடுத்துட்டு வந்திருக்க."

தெரசா அந்தத் திரையைப் பார்க்கவில்லை. "அவன் ஓசூர்ல வாடகை வூட்டுல கெடக்குறான். பொண்டாட்டி புள்ளைன்னு ஆயிடுச்சு. நீ ஒண்டி ஆளு, உனக்கு எதுக்குன்னு..."

"நான் ஏன் ஒண்டி ஆளுன்னு ஒரு நாளு கேட்டியா? நீ ஞாயித்துக்கிழமை வருவ, சாயந்திரம் பஸ் ஏறுவ. அவன் கிறிஸ்துமஸுக்கு வருவான். பன்னெண்டு வருஷம் தாத்தாவக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வச்சு, தூக்கி உக்கார வச்சது யாரு? என் பேர ஒரு வரியில போட உனக்குத் தோணலியே."

துரோகம் என்று அமிர்தம் வழியெல்லாம் நினைத்து வந்தது ஒரு ஆள் செய்ததாக இருந்தது. இப்போது பார்த்தால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"கைரேகைத் தாள்?" என்றாள்.

"மாமாகிட்டயே இருந்துச்சு. மலை வூட்டுக்குக் கரென்ட் இழுக்க சொல்ல, வெத்துத் தாள்ல தாத்தா ரேகைய வாங்கினு போனாரு. தாள் பழசு, எழுத்துதான் புதுசு. அத நம்ப வைக்கப் பழைய பெட்டி ஒண்ணு வேணும்னாரு. செஞ்சு குடுத்தேன்."

"உனக்கு இன்னா தரேன்னாரு?"

"இந்த முன்ரூமு. மெஷினப் போட்டுக்கினு சாவுற வரைக்கும் இருந்துக்க, உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்கன்னாரு. அம்மாவையும் வச்சுப்பேன்னுதான் இருந்தேன்."

அறிவுச்செல்வன் தன் கைபேசியில், மார்ட்டின் வீட்டில் எடுத்த அந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஊர்ப் பெயர் இருந்தது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை டயானாவிடம் நீட்டினான். அவன் பேசாமல் ஒரு காரியம் செய்து அமிர்தம் பார்த்ததே இல்லை.

நாலு ஷட்டர். மேலே மாடி. கீழே: தியாகதுருகம். இருக்கும் கட்டடம் முழுவதும் இடிக்கப்படும்.

டயானா படத்தின் முன்பக்கத்தில் விரலை வைத்தாள். "முன்ரூம் இருக்கிற எடத்துல இன்னா போட்டிருக்கு?"

"படிக்கட்டுங்க" என்றான் அறிவு.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பழகிப்போனவள் மாதிரி.

அமிர்தம் எழுந்தாள். "நாளைக்கு இந்தச் சாக்குப் பொடி போதும். நான்சி வந்து சொல்லிடும். உங்கண்ணன் தாளோட மலை ஏறிடுவாரு. யாரு செஞ்சதுன்னு எவனும் கேக்கப் போறதில்ல. டயானா பேரு என் வாயால வராது."

"ஆமா மேடம்! வேணாம், அவ பேரு வேணாம். வூட்டு விஷயம், வூட்டோட போவட்டும்." தெரசா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"வரட்டும்" என்றாள் டயானா. "நாளைக்கு நானே வரேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன். பெட்டி பொய்யி, நான்தான் செஞ்சேன். தாளும் பொய்யி. மூடிக்கு உள்ள இருக்கிற வழுக்கை மட்டும் நெசம். அது எப்படி வந்துச்சுன்னு தாத்தா பெத்த புள்ளைங்க ரெண்டு பேரையும் கேளுங்கன்னு சொல்றேன். ரெண்டு பேருக்கும் தெரியாது."

முன்ரூமுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது.

தெரசா பெட்டியின் முன் மண்டியிட்டார். மூடியை இடது கையால் தூக்கித் தலையில் வைத்துப் பார்த்தார். அது நழுவி அவர் தோளில் இடித்தது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி நழுவியது.

"டயானா, அப்பா தலைய எந்தப் பக்கமாடீ சாய்ப்பாரு?"

மெஷின் நிற்கவில்லை.